நீலாவதியின் சுவர்

கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். மறுநாள் காலை பனமலையிலிருந்து வந்து செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இரண்டாம் தாரம்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபத்தெட்டு வயது வரை அண்ணன் வீட்டில் அண்ணிக்கு எடுபிடி வேலை செய்து கிடந்தவளுக்கு எந்தத் தாரமானால் என்ன? சொந்தமாக ஒரு வீடு கிடைத்ததே பெரிது. 1964ஆம் வருஷம் அது.

என் புருஷன் பூவராகவன் கடைத்தெருவில் சுண்ணாம்பு, காவி, கலர்ப்பொடி, பிரஷ், ஆணி விற்கிறவர். வீடு கடைத்தெருவுக்குப் பின் சந்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை. ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு விற்கிறவர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பட்டு இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மூலையெல்லாம் ஒட்டடை, கதவெல்லாம் கரி. வீடா இது, குரங்குகூடக் குடியிருக்காது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனேன்.

நடு அறையில் ஒரு பெண் குழந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அதுதான் சாந்தி. நாலரை வயது. அவளைப் பெற்ற நீலாவதி இரண்டு வருஷத்துக்கு முன் விஷஜுரத்தில் போய்விட்டாள். குழந்தைக்கு எதிரே, சுவரில், ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் பூசிய சதுரம். அதில் ஐந்து குங்குமப் பொட்டு. பார்த்ததும் புரிந்துவிட்டது. சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சதுரம்தான் நீலாவதி.

"சாப்டியா கண்ணு?" என்றேன்.

அவள் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு இரண்டு வாய் தின்றாள். எழுந்து போய்விட்டாள்.

தினமும் இப்படித்தான். நான் பிசைந்து நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். தட்டைச் சுவருக்கு எதிரே வைத்தால் தானாகக் கொஞ்சம் கொறிப்பாள். விலா எலும்பை எண்ணலாம், அப்படி இளைத்திருந்தாள். எனக்கு வேறு ஆசையே இல்லை. இந்தக் குழந்தை என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும், என்னை ஒரு தரம் அம்மா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வீடு நன்றாக இருந்தால் குழந்தை மனசும் மாறும் என்று நினைத்தேன். பத்திரிகைகளில் வீட்டை அழகு செய்ய எழுதுவார்களே, அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அண்ணி வீட்டில் எதையும் செய்ய விடவில்லை. இங்கே ஆசை தீரச் செய்தேன். பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கம்பியில் கோத்து ஜன்னலுக்குத் திரை போட்டேன். உடைந்த வளையல் துண்டுகளை விளக்குத் தீயில் வாட்டி, வளைத்து, சங்கிலியாகக் கோத்து வாசற்படியில் தொங்கவிட்டேன். காலி பிஸ்கட் டப்பாவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துத் துளசி வைத்தேன். காலண்டர் படங்களுக்கு அட்டையில் சட்டம் செய்து மாட்டினேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சாந்தி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் சரக்கெடுக்கப் புதுச்சேரி கிளம்பினார்.

"சுண்ணாம்பு ஊற வச்சிருக்குது. நீயே அடிச்சிடறேன்றியே, முடியுமா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"நடு ரூம்ல அந்தச் சதுரத்த மட்டும் உட்டுட்டு அடி. நான் வந்து புதுசா மஞ்ச பூசிக்கிறேன்."

"சரிங்க" என்றேன்.

அந்தச் சதுரத்தை யாரும் விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மற்ற சுவரெல்லாம் முடித்து, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாளியில் தோய்த்து, அந்தச் சதுரத்தின் முன் நின்றேன். நான் ஒரு மாசமாகத் தலைகீழாக நின்றும் கிடைக்காததை இந்தச் சுவர் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறதே என்று வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. செத்தவள் மேல் பொறாமைப்பட்ட பாவி நான்.

அடித்தேன்.

மட்டை பட்ட இடமெல்லாம் சிவந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சதுரம் முழுக்க ரத்தச் சிவப்பாகி, கோடு கோடாகத் தரைக்கு வழிந்தது. நான் பயப்படவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற கைக்கு இது தெரியாதா? மேலே இன்னொரு பூச்சு, அதற்கும் மேலே இன்னொன்று. மறுநாள் காலை காய்ந்ததும் சுவர் பளீரென்று வெளுத்திருந்தது.

சாந்தி வந்து பார்த்தாள். அழவில்லை. சுவரைக் கையால் தடவினாள். கதவு எங்கே என்று தேடுகிற மாதிரி தடவினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், வெல்லம் வாங்கி வந்து காட்டினேன். தண்ணீர் மட்டும் குடித்தாள். மூன்றாம் நாள் காலை சோறு பிசைந்து தட்டை அவள் எதிரே வைத்துவிட்டு, சமையல்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன்.

உச்சிவேளை. தெருவில் ஆள் அரவமே இல்லை. மலைப் பாறை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனை. திடீரென்று அதோடு இன்னொரு வாசனை வந்தது. அரைத்த மஞ்சள், ஈரத் தலைமுடி. யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்து நிற்கிற வாசனை.

நடு அறையில் வளையல் சத்தம் கேட்டது.

வாசற்படியில் நான் கட்டிய சங்கிலி அசையவில்லை. காற்றே இல்லை.

பிறகு ஒரு குரல். ரொம்பச் சன்னம்.

"ஆ காட்டு... இன்னும் ஒரு வாய்... ஆ காட்டு கண்ணு..."

தவழ்ந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன்.

சாந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை இரண்டும் மடியில் இருந்தன. வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள். மறுபடி திறந்தாள். தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தூக்கினேன். உதடு வெந்து தோல் உரிந்திருந்தது. நாக்கெல்லாம் வெள்ளை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப் போனால் வேகுமே, அப்படி. முகவாயில் நாலு விரல், கன்னத்தில் ஒரு கட்டைவிரல். சுண்ணாம்புத் தடம், ஈரம் காயாமல்.

"பெரியம்மா!" என்று அலறினேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் பெரியம்மா நெய்யோடு ஓடி வந்து குழந்தையின் வாயில் தடவினாள்.

"சொவத்த நக்கிருக்குது. வாயும் வயிறும் காஞ்சா பின்ன இன்னா பண்ணும்?" என்றவள், முகவாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். என் கையைப் பிடித்து அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. தடம் என் விரலைவிட ஒரு கணு நீளம்.

"நீலாவுக்குத்தான்டி இப்டி நீட்டு விரலு" என்றாள்.

சாந்தி என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா கையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு எரியுது." கொஞ்சம் பொறுத்து, "அதுக்கும் எரியுதாம்" என்றாள்.

ஐயோ, அதைக் கேட்டபின் நான் மனுஷியாக இருக்க வேண்டாமா? பசித்த பிள்ளைக்கு வெந்த கையோடு வந்து ஊட்டியிருக்கிறாள். அவளை மூடியவள் நான்.

கடையிலிருந்து தகடு எடுத்து வந்து சுரண்ட ஆரம்பித்தேன். மூன்று பூச்சும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நகம் பிய்ந்தது, நிறுத்தவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். பூசிய கணமே சிவந்தது. உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருந்தது. புளியைக் கரைத்துச் சட்டி சட்டியாக ஊற்றிக் கழுவினேன். மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. மறுபடி புளித் தண்ணீர்.

என் உள்ளங்கைக்கு அடியில் சுவர் சுட்டது. ஜுரக்காரி உடம்பு சுடுகிற மாதிரி சுட்டது.

"எரியுதாக்கா? கொஞ்சம் பொறுத்துக்க. இதோ ஆயிடுச்சி, இதோ" என்று சொல்லிக்கொண்டே கழுவினேன். பெரியம்மா வாசலில் நின்று கும்பிட்டபடி அழுதாள்.

ஆறாவது தடவை மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. சுவர் மெல்லக் குளிர்ந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். சுவரையும் என் கையையும் குழந்தையின் உதட்டையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினியோ நாள் நானே மட்டய எடுத்துனு அது முன்னால நின்னிருக்கேன் கண்ணம்மா. பாக்க முடியாம" என்றார்.

பொங்கலன்று என் கல்யாணப் புடவையைச் சதுரத்தின் முன் வைத்துப் படைத்தோம். சோறு பிசைந்து முதல் கவளத்தைச் சுவரோரம் வைத்தேன். இரண்டாவதைச் சாந்தியிடம் நீட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள். யாரிடமோ கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. குழந்தை உடம்பு தேறியது. மாசிக்குள் அவள் சுவரைப் பார்த்து உட்காருவதை விட்டாள். சித்திரையில் முதல் கவளம் வைக்க மறந்தாள். நான்தான் வைத்தேன். ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒருநாள் அந்தச் சதுரத்தைக் காட்டி, "இது இன்னா?" என்று என்னையே கேட்டாள். அந்தச் சன்னக் குரலும் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. போய்விட்டாள் போலிருக்கிறது, நிம்மதியாகப் போகட்டும் என்றிருந்தேன்.

ஆடி பிறந்த வாரம். மாலை நாலு மணி, நல்ல வெளிச்சம். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சந்து முனையில் சாந்தி சிலேட்டுப் பலகையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஏதோ நல்ல மார்க்கு போலிருக்கிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா!" என்று கத்தினாள்.

என்னைத்தான். என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். ஏழு மாசம் நான் காத்துக் கிடந்த வார்த்தை. முறத்தைக் கீழே வைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், என் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத நடு அறையிலிருந்து பதில் வந்தது.

"இன்னாடி கண்ணு? வந்துட்டியா?"

அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

சாந்திக்கு அது கேட்கவில்லை. ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.