வாசல் அடுக்கு

கேம்ப்பெல் அந்த விஷயத்தைச் சொன்னது, அட்டையில் தான் பெயரை எழுதுவதற்கு முன்பா, எழுதி முடித்த பிறகா என்பது லேசிக்கு வெகுகாலம் நிச்சயமாக நினைவில்லை. சில நாட்களில் முன்பு என்று தோன்றும். பெரும்பாலான நாட்களில் பின்பு என்று தோன்றும். பின்பு என்று தோன்றிய இரவுகளில் அவள் தூங்கினாள்.

மற்றதெல்லாம் தெளிவாக நினைவிருந்தது. முதலில், கைதட்டலில் இருந்த அந்தப் பிசகு.

1996 ஆகஸ்ட். அலபாமா வெயிலில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலை இளகியிருந்தது. கல்லூரி திறக்க ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் புதுப் பெண்கள், மாணவிகள் சங்கம் சேர்ந்து ஒன்றாகக் குடியிருக்கும் வீடுகளுக்கு வரிசையாக, வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு சங்கத்து வீடும் வேண்டியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை நாள்தோறும் கழித்துவிடும். லேசி ப்ருவிட்டுக்கு இதில் விருப்பமே இல்லை. விடுதியில் அடுத்த கட்டிலில் படுக்கும் டோரி ப்யூதான் இழுத்து வந்திருந்தாள். பெயர்ப் பட்டியலில் அடுத்தடுத்து வந்ததால் அறை ஒன்றாகி, இப்போது வரிசையிலும் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்து நின்றார்கள்.

"எனக்கு இதெல்லாம் சரிப்படாதுடி. சிரிச்சு சிரிச்சே தாடை கழண்டுடும்."

"கழண்டா மாட்டிக்கலாம். நாலு வருஷம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு முழிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். நேரா நில்லு, எருமை."

டோரி சிரித்தாள். அவளுடைய முன்பற்களுக்கு நடுவே ஒரு விரல்நுனி நுழையும் அளவு சந்து. கோழி வெட்டும் ஆலையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரிலிருந்து வந்தவள். அந்த ஆலை வாடை தன் தலைமுடியில் இருக்கிறதா என்று லேசியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்வாள். இல்லை என்று லேசி சொல்வாள். கொஞ்சம் இருந்தது.

வெள்ளைத் தூண்கள் வைத்த வீட்டின் முன் வரிசை நின்றது. கதவு திறந்தது.

அந்த வீடுகளில் கதவு திறந்தால் முதலில் வழி தெரியாது, முகங்கள்தான் தெரியும். ஏணியில் நிற்பவர்கள், தரையில் நிற்பவர்கள், முழங்காலிட்டவர்கள், குப்புறப் படுத்தவர்கள் என்று நிலைச்சட்டத்தின் உச்சியிலிருந்து வாசற்படி வரை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய முகங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் தலையாட்டி, கைதட்டிப் பாடுவார்கள். அடுக்கு என்று அதற்குப் பெயர். தலைக்கு அடித்த ஸ்பிரேயும் வனிலா மெழுகுவத்தியும் கலந்த குளிர்ந்த காற்று அவர்களைத் தாண்டி வந்து லேசியின் வியர்வை மேல் பட்டது. அதற்கு அடியில் இன்னொரு வாடை: நாட்கணக்கில் வாளியிலேயே கிடந்த தரை துடைக்கும் துணியின் வாடை.

எழுபது பேர் ஒன்றாகத் தட்டினார்கள். அதன் பிறகு ஒரு தட்டல். மறுபடி எழுபது பேர். அதன் பிறகு, தரையருகிலிருந்து, ஒரு தட்டல்.

லேசி குனிந்து பார்த்தாள். ஆகக் கீழே இருந்த பெண் மோவாயை வாசற்படியின் மரத்திலேயே ஊன்றியிருந்தாள். சுருட்டி விறைப்பாக நிறுத்திய தலைமுடி, பழைய படங்களில் பார்ப்பதுபோல. இமைகளில் தூசி. வாய் பாட்டோடு திறந்து மூடியது. ஓர் எறும்பு அவள் கன்னத்தில் ஏறி, கண்ணின் ஓரத்தில் நின்று, பிறகு கண்ணின் மேலேயே நடக்கத் தொடங்கியது.

"உள்ள போடி," என்று டோரி முதுகில் தள்ளினாள்.

அடுக்கு கலைந்தது. பெண்கள் எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். லேசி திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு கம்பளம் மட்டும்.

"என்ன தேடுற, கண்ணு?" சங்கத்தின் தலைவி கேம்ப்பெல் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். உயரமானவள். விரல்கள் சூடாக இருந்தன.

"கீழ ஒருத்தங்க படுத்திருந்தாங்க..."

கேம்ப்பெல் தலையைச் சாய்த்து அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "யாரும் கீழ பாக்க மாட்டாங்க. எல்லாருக்கும் எதிர்ல இருக்குற சிரிப்பே போதும். நீ பாத்திருக்க." பிறகு மிக மென்மையாகச் சொன்னாள்: "உன்னை எங்களுக்குப் பிடிக்கும்."

கூடத்துச் சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள். வருடத்துக்கு ஒன்று, முட்டை வடிவச் சிறு படங்களில் அந்த வருடத்துப் பெண்கள். 1971-ஆம் வருடச் சட்டத்தில், கடைசி வரிசையின் கடைசிப் படத்தில், சுருட்டிய தலைமுடி. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

அன்று விடுதியில் டோரியிடம் சொன்னாள்.

"எறும்பா?" டோரி கால் கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். "இந்த வெயில்ல எனக்கும்தான் கண்ணுல பூச்சி பறக்குது. அந்தத் தலைவி எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? உங்க ஊர்ல ரோடு இருக்கான்னு. நானும் சிரிச்சுக்கிட்டே, இல்லைங்க, கோழி மேல ஏறித்தான் வந்தேன்னேன்."

மூன்றாம் நாள் வெள்ளைத் தூண் வீடு டோரியைக் கழித்தது. மற்ற வீடுகளும் கழித்தன. டோரி பால் ஊற்றாத சோள அவலைப் பெட்டியிலிருந்து அள்ளி அள்ளித் தின்றாள்.

"பல்லு சந்தைப் பாத்துப் பயந்துட்டாளுங்க."

"நானும் விட்டுடுறேன்," என்றாள் லேசி. அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த மூன்று நாளில், பேர் சொல்லித் தன்னைக் கூப்பிட எழுபது பேர் இருந்தார்கள். அதற்கு முன் எங்கேயும் அப்படி இருந்ததில்லை.

"விட்டா கொன்னுடுவேன். ஒருத்தியாவது உள்ள போகணும்டி. வந்து கதை சொல்லு எனக்கு." டோரி தன் பெட்டியைத் திறந்து வெள்ளை உடை ஒன்றை எடுத்தாள். கடைசிச் சுற்றுக்கென்று அவள் அம்மா தைத்தது. "எனக்கு இனிமே எதுக்கு? நீ போட்டுக்க."

கடைசிச் சுற்று நடுப்பகலில் நடந்தது. தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்த டோரியின் உடையில் லேசி போனாள். திரைச்சீலைகளை இழுத்து மூடி, கூடத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துவது திரையின் ஓரங்களில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் நெல்டா வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கம்பளத்தைச் சுருட்டியிருந்தார்கள். வாசற்படியின் மரத்தில் ஒரு வழவழப்பான குழிவு, மோவாய் அளவுக்கு. அதன் இரு பக்கமும் முழங்கை அளவில் இரண்டு குழிவுகள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் மிஸ் நெல்டா எதையோ சுற்றித்தான் துடைத்தாள்.

கேம்ப்பெல் ஓர் அட்டையையும் பேனாவையும் லேசியின் மடியில் வைத்தாள். அட்டையில் இரண்டு கோடுகள்.

"மேல உன் பேரை எழுது, கண்ணு. கீழ இன்னொரு பேரு. உனக்கு ரொம்பப் பிடிச்சவ பேரா இருக்கணும்."

"டோரியையும் சேத்துக்குவீங்களா?"

"சேத்துக்குவோம். உன் கையால எழுதினா இந்த வீட்டை விட்டு அவ எங்கயும் போக வேண்டாம்."

இங்கேதான் நினைவு இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில், லேசி உடனே சந்தோஷமாக எழுதிவிடுகிறாள். அதன் பிறகுதான் கேம்ப்பெல் மற்றதைச் சொல்கிறாள். இன்னொன்றில், பேனாவின் மூடியே இன்னும் திறக்கவில்லை.

சொன்னது இரண்டிலும் ஒன்றுதான்.

"இப்ப அடியில இருக்குறது தேஞ்சு போச்சு. இருபத்தஞ்சு வருஷம் ஆகுதே, பாவம். நேத்துப் பாட்டு நடுவுல தாடை கழண்டுடுச்சு, மிஸ் நெல்டாதான் மாட்டி விட்டாங்க. அடியில ஒருத்தி இல்லாம அடுக்கு நிக்காது. பிடிக்காதவ பேரை எழுதினாலும் நிக்காது. அதையும் செஞ்சு பாத்திருக்கோம்."

"எழுதலைன்னா?"

"ஒண்ணுமில்ல. ஐஸ் டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு. யாரும் தடுக்க மாட்டாங்க. அவகூட உக்காந்து சாப்பிடலாம், நாலு வருஷமும்."

வாசல் பக்கமிருந்து ஒரு தட்டல் கேட்டது. கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. யாரும் திரும்பவும் இல்லை.

"வலிக்குமா?" என்று லேசி கேட்டாள்.

"யாருக்கு?" என்றாள் கேம்ப்பெல்.

மறுநாள் புல்வெளியில் எல்லாப் பெண்களும், எந்த வீடு தங்களைச் சேர்த்துக்கொண்டது என்று சொல்லும் உறையைப் பிரித்தார்கள். கழிக்கப்பட்ட டோரிக்கும் ஓர் உறை வந்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீதானே! நீதானேடி சொல்லியிருக்க!" லேசியின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். எல்லாருக்கும் முன்னால். கொப்புளம் போட்ட கால்களோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

கதவு திறந்தது. அடுக்கு பாடியது. வாசற்படியருகே மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது.

"கீழ வா, கண்ணு," என்றாள் கேம்ப்பெல்.

டோரி சிரித்துக்கொண்டே மண்டியிட்டாள். ஊர்ந்து போனாள். உள்ளே திரும்பிப் படுத்து, மோவாயை மரத்தில் வைத்தாள். லேசியைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணடித்தாள்.

ஒரு கண் மூடியது. திறந்தது. அதன் பிறகு மூடவில்லை.

அக்டோபரில் டோரியின் அம்மா வந்தாள். டோரி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கல்லூரிக் காகிதத்தில் இருந்தது, ஆனால் அவள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அந்த அம்மா கோழி ஆலையின் ரப்பர்க் காலணியோடேயே முகப்பில் நின்று மணியை அழுத்தினாள். கதவு திறந்தது. அடுக்கு பாடியது. லேசி இரண்டாம் வரிசையில் முழங்காலிட்டிருந்தாள். அவள் வயிற்றுக்குக் கீழே டோரியின் தலை. முடியில் இன்னும் கொஞ்சம் ஆலை வாடை.

அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஏணி. நின்றவர்கள். முழங்காலிட்டவர்கள். லேசியின் முகத்தில் அவள் கண் நின்றது.

அதற்குக் கீழே வரவில்லை.

அவளுடைய காலணி முனைக்கு ஒரு சாண் தூரத்தில், பல் சந்து தெரிய, ஒரு வாய் திறந்து மூடியது. அதில் பாட்டின் சொற்கள் மட்டுமே வந்தன. ஒரு தட்டல் பிந்திக் கேட்டது. லேசி சிரித்தாள். தாடை வலித்தது.

அதன் பிறகு வருடங்கள் போயின. லேசி பட்டம் வாங்கினாள், மணம் முடித்தாள், ஒரு மகளைப் பெற்றாள். அந்தச் சங்கத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. வேண்டாம் என்று லேசி ஒரு தடவை சொன்னாள். ஒரு தடவைதான்.

ஆகஸ்டில் ஒரு மதியம் மகள் ஹாலிஸ் கல்லூரியிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, உங்க சங்கத்து வீட்டுல கைதட்டும்போது ஒண்ணு மட்டும் பிந்தி வருதே, உங்க காலத்துலயும் அப்படித்தானா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"சரி அதை விடு. நான் உள்ள வந்துட்டேன்மா! இன்னிக்கு அட்டை குடுத்தாங்க. ரெண்டு கோடு. கீழ எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரை எழுதணுமாம்."

"யார் பேரை எழுதின?"

"வேற யாரு? உன் பேரைத்தான்."

"ஹாலிஸ். அவங்க உங்கிட்ட எப்ப சொன்னாங்க? எழுதுறதுக்கு முன்னாடியா? பின்னாடியா?"

கேட்டு முடிக்கும்போதே லேசிக்கு நினைவு வந்தது. வலிக்குமா என்று அவள் கேட்டபோது பேனாவின் மூடி பேனாவில்தான் இருந்தது.

"நாளைக்கு வருவல்லம்மா? அம்மாக்கள் எல்லாரும் வர்றாங்க."

வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். போன் தரையில் விழுந்தது. அவளுடைய இரண்டு கைகளும் சேர்ந்து ஒருமுறை தட்டின.

மறுநாள் முகப்பில் நின்றாள். காரை ஓட்டி வந்தது நினைவில்லை. கதவு திறந்தது. முகங்கள். நடுவில் ஹாலிஸ், வெள்ளை உடையில், வாய் நிறையச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். மற்ற அம்மாக்கள் எல்லாரும் எதிரே பார்த்தார்கள்.

லேசி கீழே பார்த்தாள்.

வாசற்படி காலியாக இருந்தது. மூன்று குழிவுகள். துடைத்து ஈரமாக.

முழங்கால்கள் மடிந்தன.

கேம்ப்பெல் இப்போது பர்மிங்ஹாமில் வக்கீல். அவளுக்கு மூன்று மகள்கள், மூவரும் அதே வீட்டில் இருந்தவர்கள். மிஸ் நெல்டா முதியோர் இல்லத்தில் இறந்தாள். டோரியின் அம்மா ஆலையில் ஓய்வு பெற்று, தொலைபேசி எண்ணை மாற்றாமல் வைத்திருக்கிறாள். டோரியை அந்த வீட்டார் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது; 1996-ஆம் வருடச் சட்டத்தில் கடைசிப் படம் இருக்கிறது, பெயர் இல்லை. ஹாலிஸ் அடுத்த வருடம் சங்கத்தின் தலைவியானாள். தன்னிடம் அதைச் சொன்னது எழுதிய பிறகுதான் என்று அவளுக்கு நினைவு. நன்றாகத் தூங்குகிறாள். லேசி வாசலில் இருக்கிறாள். அவள் தட்டுவதும் ஒரு தட்டல் பிந்தித்தான் வருகிறது.