ஒப்பந்தத்தின் கடைசி நாள்

பீப்பாய் செய்யும் ஜெத்ரோ க்ரல், தன் கையால் செய்த பீப்பாய்க்குள்ளேயே தலைகீழாகக் கிடந்தார்.

தலை ஆப்பிள் மதுவுக்குள். கால் இரண்டும் வெளியே!

லங்காஸ்டர் ஊரே வாசலில் கூடிவிட்டது. கான்ஸ்டபிள் ஆமோஸ் டட்டில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வேலைக்காரி டாம்சின் மூலையில் நின்றாள். கப்பல் கூலிக்கு ஈடாக ஏழு வருஷம் உழைக்கிறேன் என்று கைநாட்டு வைத்து இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி இந்தக் குடியேற்ற நாட்டுக்கு வந்தவள். இன்று மதியத்தோடு ஏழு வருஷம் முடிகிறது. அப்புறம் அவள் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை... தூக்குக் கயிற்றில் தொங்காமல் இருந்தால்!

எஜமானி டார்கஸ் ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலும் காரியத்தில் கண்.

"இவ எங்கேயும் போகக்கூடாது. இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

"ஏழுதாம்மா பேச்சு" என்றாள் டாம்சின்.

"ஒன்பது. பத்திரம் இருக்கு."

டட்டிலின் புருவம் ஏறியது. இரண்டு வருஷம் பாக்கி என்றால், எஜமானைக் கொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! கயிறு எங்கே என்று கேட்காத குறை.

இந்தப் பத்திரங்களை ஒரே தாளில் இரண்டு தடவை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுப்பது வழக்கம். டார்கஸ் உள்ளே போய் ஒரு பாதியைக் கொண்டுவந்தாள். டாம்சின் பாவாடை மடிப்பைப் பிரித்துத் தன் பாதியை நீட்டினாள். டட்டில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

ஒரு பல்கூடப் பொருந்தவில்லை!

போதாக்குறைக்கு, டார்கஸ் கொடுத்த தாளின் மை அவர் கட்டைவிரலில் ஈரமாக ஒட்டியது.

"ஏம்மா... புருஷன் பீப்பாய்ல கிடக்கறப்ப உட்கார்ந்து பத்திரமா எழுதினீங்க?"

"வீட்டு வேலைக்கு ஆள் வேணாமா?" என்றாள் டார்கஸ்.

கூட்டம் காறித் துப்பியது. கொலைகாரி இவளேதான் என்று டட்டில் அந்த இடத்திலேயே முடிவு கட்டி, டார்கஸின் கையையும் கட்டினார். பிறகு டாம்சினிடம் அசடு வழிந்தார்.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே. விடுதலையாகுற அன்னைக்கு எவளாவது கொலை பண்ணுவாளா?"

"பண்ணமாட்டாங்க ஐயா."

மதிய மணி அடித்தது. ஒப்பந்தம் முடிந்தால் கொடுக்கவேண்டிய புது உடுப்பைத் தானே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, டாம்சின் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே நான்சி படுத்திருந்தாள். ஒரே கப்பலில் கூட வந்தவள். மூன்றாம் வருஷம் க்ரல் உதைத்த உதையில் செத்தவள். 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்த புண்ணியவான் இதே டட்டில்தான்.

டாம்சின் மண்ணைத் தொட்டு அழுதாள்.

"நாலு வருஷம் காக்க வெச்சுட்டேன்னு கோவிச்சுக்காதடி. அன்னைக்கே அவனை முக்கியிருப்பேன்... ஆனா எஜமான் செத்தாலும் ஒப்பந்தம் சாகாதே, மிச்ச நாலு வருஷமும் அவன் பொண்டாட்டிக்கு இல்ல உழைச்சுக் கொட்டியிருக்கணும்!"