உடையாத இரண்டாவது டிஸ்க்

“அப்பா, கண்ணாடியை உடைச்சா உள்ள இருக்கிற ஆளுக்கு வலிக்குமா?”

ஒன்றுக்கொன்று நகலான இரண்டு டிஸ்க்குகளைக் காட்டி, “இது கண்ணாடி மாதிரி” என்று கம்ப்யூட்டர் மெக்கானிக் சொன்னபோது அவன் மகள் கேட்ட கேள்வி அது. இப்போது அவன் தாடை உடைந்து, வாய் பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

“மரமில் முதலாளியைக் கடப்பாரையால அடிச்சுக் கொன்னது இவர்தான்னு மில் ஆளுங்க நொறுக்கிட்டாங்க அண்ணே,” என்று அவன் மனைவி துப்பறிவாளரிடம் அழுதாள். “கம்ப்யூட்டர் பார்க்கப் போனவரு, விழுந்து கிடந்தவரைத் தூக்கினாராம். நாளைக்கு ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்க.”

துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். கூடவே திரியும் தங்கை மகளுக்கு வைத்தது அவசரம்.

“சட்டை பூரா ரத்தமாம். இவன்தான் மாமா,” என்று கிசுகிசுத்தாள் அவசரம். அது அந்த மனைவியின் காதிலும் விழுந்துவிட்டது. அவள் முகம் செத்துப்போயிற்று.

பிணம் கிடைத்த அன்றே போலீஸ் பூட்டிய மில் அறையை இன்ஸ்பெக்டர் அதன்பின் முதன்முறையாகத் திறந்தார். சுவரில் ரத்தம் கறுத்து ஒட்டியிருந்தது. கேமராப் பதிவுகள் சேரும் கம்ப்யூட்டரின் வயிறு பிளந்து, மேல் டிஸ்க் சில்லுசில்லாகக் கிடந்தது. கீழ் டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. ஆன் செய்யும் பட்டனில் காய்ந்த ரத்தத் தீற்று.

வெளியூரிலிருந்து நேற்றுதான் திரும்பியதாகச் சொன்ன முதலாளியின் தம்பி வாசலில் நின்று சிரித்தான். “பட்டனை அமுக்கிப் பொழுதைப் போக்காதீங்க. ‘டிஸ்க் இல்லை’ன்னு ஒரு வரிதான் வரும்.”

“பொழுது எங்ககிட்ட நிறைய இருக்கு தம்பி,” என்றார் நிதானம்.

அவசரம் பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் அந்த ஒரு வரிதான் வந்தது. மாமா கண் காட்ட, ஒரு பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். கீழ் டிஸ்க் திறந்துகொண்டது.

“மேல எழுதுறது அத்தனையும் கீழயும் பதியும்,” என்றார் நிதானம். “இந்த ரெண்டையும் மாட்டினவனே மெக்கானிக். அவன் கொன்னிருந்தா ரெண்டையும் உடைச்சிருப்பான். உடைச்சவனுக்கு விஷயம் தெரியல. ஒண்ணை உடைச்சான், ரத்தக் கையோட பட்டனை அமுக்கிப் பார்த்தான், அந்த வரியைப் படிச்சுட்டு நிம்மதியாப் போயிட்டான். அன்னையிலிருந்து அறை பூட்டிக் கிடக்கு. ஊர்லயே இல்லாத உங்களுக்கு அந்த வரி எப்படித் தெரியும்?”

தம்பி மேசையிலிருந்த உளியை எடுத்துப் பாய்ந்தான். அது நிதானத்தின் தோளில் இறங்கியது. இன்ஸ்பெக்டர் முறுக்கிய முறுக்கில் அவன் மணிக்கட்டு ஒடிந்தது. அவசரம் திரையில் ஓடவிட்ட பதிவில் அதே கை, அண்ணன் தலைக்கு மேல் கடப்பாரையை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

தோளுக்குக் கட்டுப் போட்டபடி அவசரம் கேட்டாள்: “நகல்தானே மாமா, கீழ் டிஸ்க் ஏன் தானா கிளம்பல?”

“கம்ப்யூட்டரைக் கிளப்புற துணுக்கு மட்டும் தானா நகலாகாது, ரெண்டுலயும் தனித்தனியா எழுதணும். மேல மட்டும் எழுதிட்டு, கீழ எழுத மெக்கானிக் மறந்துட்டான். எழுதியிருந்தா மெஷின் கிளம்பியிருக்கும், அந்தப் பாவி இதையும் உடைச்சிருப்பான்.”

கடவுள் சில நாள் மறதியாகவும் வந்து நிற்பார் போலும்.

போலீஸ் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மில்லுக்கே திருப்பித் தந்தது. அந்தக் குறை மில்லில் யார் கண்ணிலாவது பட்டால் மெக்கானிக்கின் பிழைப்பில் மண் விழும். அவன் மனைவி காதில் விழுந்த ‘இவன்தான்’ என்ற சொல்லை அவசரத்தால் திரும்ப எடுக்கவும் முடியாது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் தனியே உட்கார்ந்து, கீழ் டிஸ்க்கில் விட்டுப்போன துணுக்கை எழுதினாள். பென்டிரைவை உருவிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் தானாகவே கிளம்பியது. மாமாவிடம்கூட அவள் சொல்லவில்லை.