முப்பத்தேழாவது குழி

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

பெண் குரல்! காலை பத்தரை மணி!

மாடியறை மேஜையில் அவள் கணவர் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பித்தளை விளக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம்.

அதே அறையில் இன்ஸ்பெக்டரின் செல்போன் நான்காவது தடவையாக அலறியது.

"சாயங்காலத்துக்குள்ள செத்தவரோட மச்சினனை அரெஸ்ட் காட்டுய்யா! முந்தின நாள் சண்டை போட்டிருக்கான் இல்ல? அது போதும்!"

"சார், ஆதாரம்..."

மேலதிகாரி வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை உதைத்தார்.

"சண்டை போட்ட மச்சினனையெல்லாம் பிடிச்சா ஜெயில் தாங்குமாய்யா?"

ஏட்டு குனிந்து இழுப்பறையைத் திறந்தார். அவருக்கும் ஒரு மச்சினன் உண்டு.

உள்ளே அறுபது வெல்வெட் குழிகள். அறுபது காசுகள்.

"அத்தனையும் கள்ளக்காசு! இதைப் போயா ஒரு மனுஷன் ஆயுசு பூரா சேர்ப்பான்?"

"ரோமாபுரிக் கள்ளக்காசு சார். செம்புக்கு மேல வெள்ளி போர்த்தி ஏமாத்தியிருக்கானுங்க. அதை அடிச்ச அச்சுகூட ரெண்டு வெச்சிருக்காரு."

"திருடன் செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷமாச்சு. அவன் சரக்குக்கு வெல்வெட் மெத்தை!"

ஜன்னலோரம் நின்றிருந்த நாணயக் கடைக்காரர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார். இறந்தவரின் பழைய சிநேகிதர். போலீசுக்கு உதவ வந்தவர்.

"அறுபதும் போலிதான் இன்ஸ்பெக்டர். ஒண்ணும் திருடு போகல."

"அப்ப எதுக்குய்யா கொன்னான்? பொழுது போகலையா?"

கதவருகே இறந்தவரின் மனைவி. கையில் ஒரு நீள நோட்டு.

"என் தம்பி பண்ணல சார். இதைப் பாருங்க... ஒவ்வொரு காசுக்கும் எடை நோட்டு. ஏதாவது மாறியிருக்கான்னு நிறுத்துப் பாருங்க. அவர் நிறுத்துச் சொல்வார், நான் எழுதுவேன். கல்யாணமானதுலேர்ந்து எங்க பேச்சுவார்த்தையே இதான்."

"ஏம்மா, இதை மூணு நாளா சொல்லலையே?"

"நகை போச்சா, நகை போச்சான்னுதானே கேட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். மேஜை மேலிருந்த மின்தராசை இழுத்தார்.

ஒன்று... சரி.

பத்து... சரி.

முப்பத்தாறு... சரி! சரி! சரி!

"சரியா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று எரிந்து விழுந்தபடி அடுத்ததை வைத்தார்.

முப்பத்தேழு.

நோட்டில் இரண்டு புள்ளி ஏழு கிராம்.

தராசில்... மூன்று புள்ளி நான்கு!

"அம்மா தப்பா எழுதியிருப்பாங்க," என்றார் கடைக்காரர்.

"நானா? ஒரு புள்ளி தப்பினா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுப்பாரு. எனக்குத் தப்பாது அண்ணே."

"எதுக்குச் சண்டை? உள்ள செம்பா இருந்தா பழைய போலிதான், அம்மா எழுதினது தப்பு. ஏட்டு, அந்தக் கட்டிங் பிளேயரை எடு. ரெண்டா நறுக்கிடலாம்!"

பிளேயரின் வாய் காசைக் கவ்வியது.

ஏட்டு கையை இறுக்கினார்...

"வேணாம்! நறுக்காதீங்க! அது நல்ல காசு!"

கத்தியவர்... கடைக்காரர்!



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"இப்பத்தானே அறுபதும் போலின்னீங்க?"

கடைக்காரரின் கையிலிருந்து லென்ஸ் நழுவியது. உட்கார்ந்துவிட்டார்.

"மியூசியத்துக்கு நான் அசல்னு வித்த காசும், இவனோட முப்பத்தேழும் ஒரே கள்ள அச்சாம். ரெண்டுலயும் ராஜா மூக்குல ஒரே வெடிப்பு. பத்திரிகையில எழுதுவேன்னான்... நாற்பது வருஷப் பேரு சார்! கால்ல விழுந்தேன். சிரிச்சான்..."

"அடிச்சுட்டு முப்பத்தேழைத் தூக்கிட்டீங்க. குழியைக் காலியா விட்டிருக்கலாமே?"

"கண்ணுல குத்துமே! பையில இருந்த காசை வெச்சேன்."

"ஒரு போலியை வெச்சிருக்கக் கூடாதா?"

கடைக்காரர் நிமிர்ந்தார். அந்த நிலையிலும் ரோஷம்!

"நான் போலி தொடுறதில்ல!"

"என் தம்பியை..." மனைவியின் குரல் உடைந்தது.

"வீட்டுக்குப் போகச் சொல்லுங்கம்மா."

இன்ஸ்பெக்டர் கடைக்காரரின் மணிக்கட்டில் விலங்கை மாட்டினார்.

"இதுவும் அசல்தாங்க. சந்தேகமா இருந்தா கடிச்சுப் பாருங்க!"