விளக்கு வைத்தபின் ஒரு வாய்த் தண்ணீர்

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. சந்திரவதி பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வாழ்க்கைப்பட்டு வந்த இந்தத் திண்டிவனத்து வீட்டிலும் அப்படித்தான். சமணர்களான நயினார் குடும்பங்களில் அது தலைமுறை வழக்கம். அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, தண்ணீர்க் குடத்துக்கும் மூடி போட்டுவிட்டால் அடுத்த வாய் மறுநாள் சூரியனைப் பார்த்த பிறகுதான். அதனால் சமையலறையிலிருந்து வந்த சத்தம் என்னவென்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

கணவர் ஜம்புகுமார் அவள் கண்ணெதிரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள். பல் இல்லாத வாயில் சொல் வெறும் காற்றாக வந்தது. "உள்ள யாரோ மெல்ற மாதிரி கேக்குதே."

"எலியா இருக்கும். மல்லாட்டை மூட்டைய அங்க வெச்சது தப்பாப் போச்சு. நீ பேசாத, தையல் பிரிஞ்சிடப் போவுது."

எலி என்றால் வேர்க்கடலையைக் கொறிக்கும். இது கொறிக்கவில்லை. கொஞ்சம் மென்றது, நின்றது. வலி வந்து கடந்து போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் நின்றது. பிறகு பயந்து பயந்து ஒரே பக்கமாக மறுபடி மென்றது. அப்படி மெல்லுகிற வாய் அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான், அவளுடையது. அந்த வாயில் மிச்சமிருந்த பற்களை இன்று காலையில்தான் விழுப்புரத்தில் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

வலது கன்னத்தில் அந்த வலி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. முந்தானை உரசினால் போதும், பஸ் ஜன்னல் காற்று பட்டால் போதும், காதிலிருந்து தாடைக்குக் கொதிக்கும் கம்பியை இழுத்ததுபோல் இருக்கும். வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் எச்சிலை வற்ற வைத்தன. வற்றிய வாயில் பற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து உளுத்தன. இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. ஒருநாள் மறந்துபோய் ஜம்புகுமார் அந்தக் கன்னத்தைத் தொட்டுவிட்டார். அவள் போட்ட அலறலில் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன.

காலையில் பல்லைப் பிடுங்குமுன் டாக்டர் இனியவன் ஒளிக்காமல்தான் சொன்னார். "அம்மா, பல்லுல சீழ் வெச்சிருக்கு, அதான் எடுக்கறோம். அந்தக் கன்னத்து வலி நரம்பு வலி. பல்லு போனா அதுவும் போயிடும்னு நான் சொல்லமாட்டேன்."

அவள் காதில் விழுந்தது 'போயிடும்' என்பது மட்டும்தான்.

நர்ஸ் ஆரோக்கியசெல்வி பிடுங்கிய பற்கள் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு நகரும்போது சிரித்தாள். "எடுத்துக்கினு போறீங்களா ஆன்ட்டி? கூரை மேல வீசினா புதுசா மொளைக்குமாம்."

"எங்களுது மாடி வீடும்மா," என்றார் ஜம்புகுமார். "மொளைச்சாலும் மேல்வீட்டுக்காரனுக்குத்தான் மொளைக்கும்."

சந்திரவதி பஞ்சைக் கடித்தபடியே சிரித்தாள். சிரித்தது வலித்தது.

கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "இவங்க வாய் காயவே கூடாது. ராத்திரியும் அப்பப்போ ஒரு வாய் தண்ணி குடுங்க. காஞ்சா புண்ணு ஆறாது."

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜம்புகுமார் சொன்னார். "குடின்னுதான் சொல்லணும். ஆனா உன் விரதத்த என் கையால கெடுக்கமாட்டேன் சந்திரா. எனக்கு மனசு வராது."

அவள் தலையை ஆட்டினாள்.

மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. இல்லாத பல்லில் வந்தது. நாக்கால் தடவினால் அங்கே பள்ளமும் தையலும்தான் இருந்தன. வலியோ அங்கே ஒரு பல் இருப்பதாகவே அடித்துச் சொன்னது. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. முகத்துக்கு நேரே ஓடிய மின்விசிறியை அவள் எழுந்துபோய் நிறுத்தியதைப் பார்த்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் மத்தியானம் எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பினார். "டாக்டரைக் கேட்டுட்டு வந்துர்றேன். பொழுது சாயறதுக்குள்ள வந்து சாப்பிடறேன். நீ மாத்திரை போட்டுக்கினு படு."

அவள் படுத்தாள். கண் விழித்தபோது அறை இருட்டியிருந்தது. மின்சாரம் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. உதடுகள் காய்ந்த வாழைச்சருகுபோல் ஒன்றோடொன்று உரசின. எங்கோ நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் முழக்கம். அதற்கும் இந்தப் பக்கம், சமையலறையில், மெல்லும் சத்தம். இன்று கொஞ்சம் வேகமாக. பசியோடு.

அது நின்றது.

குடத்தின் மூடி திறந்தது. தண்ணீர் மொள்ளும் ஓசை. பிறகு செருப்பில்லாத காலடி, கூடத்தைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டி.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

கட்டில் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. டம்ளரின் விளிம்பு அவள் உதட்டில் பட்டது.

விளக்கு வைக்கும் நேரம் கடந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். மனசு வராது என்று சொன்ன மனிதர், அந்த மனசையும் உடைத்துக்கொண்டு மொண்டு வந்திருக்கிறார். தன் பாவமும் இவள் பாவமும் தன் தலைமேலேயே இருக்கட்டும் என்று வந்திருக்கிறார். அவளுக்குக் கண் கரித்தது. விரதத்தை நினைத்தாள். அவரை நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. பழைய ரத்தத்தின் வாடை. தன் வாய் வாடைதான் என்று விழுங்கினாள்.

டம்ளர் விலகியது. ஒரு கை வந்தது. வலது கன்னத்துக்கு.

உடம்பு முழுவதும் இறுகிப்போய், அலறலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளங்கை பதிந்தது. முழுதாக.

வலிக்கவில்லை.

கொதிக்கும் கம்பி அணைந்துபோயிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கன்னம் வெறும் கன்னமாக இருந்தது. அவள் விம்மினாள். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டாள்.

வாசலில் கேட் கிறீச்சிட்டது.

"சந்திரா!" ஜம்புகுமாரின் குரல், மூச்சிரைக்க. "கூட்டேரிப்பட்டாண்ட பஸ்ஸு நின்னுபோச்சு, ஒரே பேஜாரு. கரெண்ட்டும் இல்லியா? எங்கம்மா இருக்க?"

கை அசையவில்லை.

அவளும் அசையவில்லை. பிடித்திருந்த விரல்களை இப்போதுதான் உணர்ந்தாள். நீளமானவை. ஈரமானவை. நகம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னதாய், கடினமாய், உளுத்துச் சொரசொரத்து, அவள் நாக்கு பல வருஷம் தடவிப் பழகிய வடிவத்தில் ஏதோ பதிந்திருந்தது.

விட்டால் வலி வரும்.

செல்போன் வெளிச்சம் கூடத்தில் ஆடி ஆடி வந்தது. நிலைப்படியில் நின்றது. முதலில் அவள் முகத்தில் விழுந்தது. பிறகு அவள் தோளுக்கு மேலே ஏறி, அங்கேயே தங்கியது. ஜம்புகுமார் எக்ஸ்ரே உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்.

"வெளிச்சத்த அணைங்க," என்றாள் சந்திரவதி, கண்ணீர் வழிய, அந்தக் கையை இன்னும் இறுக்கி. "கெஞ்சிக் கேட்டுக்கிறேங்க. அணைச்சிடுங்க. எனக்கு வலிக்கல."