கை கட்டி நின்ற பேய்

நாற்காலியின் கைப்பிடியில் கடைசிச் சொட்டு ‘ரத்தத்தை’ லோர்னா ஒழுகவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான்.

படியருகில் யாரோ நிற்பது போலிருக்க, நிமிர்ந்து பார்த்தாள். முதலில் தெரிந்தவை அந்தக் கண்கள்தான்... மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறத்தில், ஈரம் கோத்த மாதிரி இரண்டு கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை, நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அது என்னோடது” என்றான் அவன்.

லோர்னாவுக்குப் பகீரென்றது. கையிலிருந்த சிவப்பு மையை அவசரமாய் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்து என்ன பயன்? நாற்காலி தலை முதல் கால் வரை கன்னங்கரேலென்று, சிலந்தி வலை சகிதம் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

அவள் மீது தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மாலையானால் குப்பை வண்டிக்காக எல்லோரும் தெருவோரத்தில் சாமான்களை வைப்பார்கள். அங்கே வந்துவிட்ட பொருள் யாருக்கு வேண்டுமோ அவருக்கு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பாதி வீடுகளின் மேஜையும் விளக்கும் அப்படி வந்தவைதான். எதிர்வீட்டுக் குப்பை மூட்டைகளுக்குப் பக்கத்தில், மேப்பிள் மரத்தடியில், ஒரு பழைய ஆடும் நாற்காலி தனியாய் நிற்கிறது... ஊரே பேய் வேஷம் போடும் ஹாலோவீன் பண்டிகைக்கு ஒன்பதே நாள் இருக்கிறது... எந்தப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்கும்?

அதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவன் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டான். கழுவிக் காயவைத்திருந்தானாம். மரத்தடியில்தான் கொஞ்சம் வெயில் விழுமாம். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால்கூட அவளும் ரெண்டு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பாள்.

“எங்கம்மா நாற்காலி” என்றான் கடைசியில். “அவங்க போய் நாலு வருஷமாச்சு.”

போச்சு. லோர்னாவுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. பெயிண்டை முழுக்கச் சுரண்டி, பழையபடி ஓக் மரமாக்கித் தருவதாகச் சத்தியம் செய்தாள்.

“இது எதுக்காகப் பண்ணீங்க?”

“பார்ட்டிக்கு. சூனியக்காரி உட்கார்றதுக்கு.”

“யாரு அந்தச் சூனியக்காரி?”

“நான்தான்.”

அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். மூக்கில் கறுப்பு, கன்னத்தில் சிவப்பு, தலைமுடியில் பஞ்சு. உதட்டோரம் லேசாய் நெளிந்தது. “ஒப்பனை தேவைப்படாது போலிருக்கே” என்றான்.

ஆளைப் பாரு, கொழுப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவன் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

பெயர் வெண்டல். வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். எதிர்வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் இரண்டு பேரும் கையசைத்ததோடு சரி. ஹாலோவீனுக்கு மறுநாள் காலையில் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடியில், ஓரிகனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறானாம், ஒரேயடியாக. இதையெல்லாம் அவன் சொன்னது மறுநாள் மாலை, உப்புத்தாளோடு தானே வந்து நாற்காலியின் மறுபக்கம் உட்கார்ந்தபோது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“இங்க என்னைப் புடிச்சு நிறுத்த ஒண்ணுமில்ல” என்றான், தேய்ப்பதை நிறுத்தாமலே.

லோர்னா அடுத்த கறுப்புத் திட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். போகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவன் பெட்டி கட்டியபோது, போகாதே போகாதே என்று வாசல்வரை ஓடிக் கெஞ்சினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அன்றோடு அந்த வார்த்தையை இனி எவனிடமும் சொல்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். ஊர் நூலகத்தில் வேலை, வருஷம் ஒருமுறை இந்தப் பார்ட்டி, அதற்காக அக்டோபர் முழுக்கப் பசையும் கத்தரிக்கோலும். இது போதும் என்றுதான் இருந்தாள்... அந்தச் சாம்பல் கண்கள் வரும்வரை.

அந்த வாரம் முழுக்க மழை. மேப்பிள் இலைகள் மஞ்சளும் சிவப்புமாய் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு மணிக்கு வெண்டல் வருவான். ஆப்பிள் சாறு சூடாய்க் கொதிக்கும், லவங்கப்பட்டை வாசம் வீடெல்லாம் சுற்றும். நாற்காலியை ஒரு மணி நேரம் தேய்ப்பார்கள். பிறகு, சும்மா இருப்பானேன் என்று, அவளுடைய வேலைக்கும் அவன் கை கொடுக்க ஆரம்பித்தான்.

லோர்னாவின் பார்ட்டியில் ஒரு சட்டம் உண்டு. கடையில் வாங்கிய பொம்மை எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும். மெல்லிய துணியைக் கஞ்சியில் முக்கி பலூன் மேல் போர்த்திக் காயவைத்து, பலூனை உடைத்தால் துணி தானே குட்டிப் பேயாய் நிற்கும். அப்படி முப்பது பேய்கள் சமையலறை அலமாரியில் வரிசையாய் நின்றன. சூடான பசையை நூலாய் இழுத்து வெண்டல் சிலந்தி வலை பின்னினான். முதல் வலையிலேயே விரலைச் சுட்டுக்கொண்டான். அவள் பதறி அந்த விரலைத் தண்ணீருக்கடியில் பிடித்தாள். வலி எப்போதோ போயிருக்கும், ஆனாலும் இரண்டு பேருக்கும் குழாயை மூடத் தோன்றவில்லை.

புதன்கிழமை பெரிய பேய் செய்யும் நாள். ஒரு ஆளை நிற்கவைத்து, உடம்பைச் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன் மேல் கண்ணாடி மாதிரியான டேப்பை வரிவரியாய் ஒட்ட வேண்டும். பிறகு முதுகுப் பக்கம் கத்தரித்து, ஆளை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டிவிட்டால் அவனுடைய உருவம் மட்டும் ஒளி ஊடுருவும் பேயாய் நிற்கும். தலைக்கு மட்டும் ஒரு பொம்மைத் தலையில் டேப் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். வழக்கமாய் மாதிரிக்கு நிற்கிறவள் லோர்னாவின் அக்கா பெக்கி. ஐந்தடி உயரம். வருஷா வருஷம் பேய் குட்டையாக இருக்கிறதென்று ஊரே கேலி செய்யும்.

“நீங்க நிக்கிறீங்களா?” என்று கேட்டாள் லோர்னா, வேறெங்கோ பார்த்தபடி.

“சுத்திட்டு அவுத்து விடுவீங்கல்ல?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

நின்றான். கையை எப்படி வைக்கட்டும் என்றான். உங்கள் இஷ்டம் என்றாள். ஒரு கணம் யோசித்துவிட்டு வலது கையை முன்னால் நீட்டினான், ஆட வா என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி. லோர்னா அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டேப் கிர்ரென்று அவிழ்கிற சத்தம், வெளியே மழைச் சத்தம், இரண்டுக்கும் நடுவில் அவன் மூச்சு... மார்புக்குக் குறுக்கே ஒட்டும்போது அவன் இதயம் அவள் உள்ளங்கையில் வேகவேகமாய் இடித்தது. தலை நிமிர்ந்தால் அந்தக் கண்கள் இருக்கும் என்று தெரியும். அதனால் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். கடவுளே, ஏன் நிமிர்ந்தோம் என்றாகிவிட்டது.

ஒரு பேய் தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்று அவன்தான் சொன்னான். அடுத்தது அவள் முறை. அவன் டேப்பை எடுத்ததும் லோர்னா தன்னையறியாமல் இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குளிராக இருக்கிறது என்றாள். அடுப்பு எரிகிற அறையில் என்ன குளிரோ. அவன் அப்படியே சுற்றினான்.

வியாழக்கிழமை நாற்காலி முடிந்தது. ஓக் மரம் தேன் நிறத்தில் மின்னியது. கைப்பிடியின் அடியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றான் வெண்டல். உப்புத்தாளைக் கையில் மடித்து மடித்துப் பிரித்தான். பிறகு மெதுவாய்ச் சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை போய்த்தான் ஆகணுமான்னு தோணுது.”

சொல், சொல்லிவிடு என்று லோர்னாவுக்குள்ளே ஒருத்தி துடித்தாள். ஆனால் அந்தப் பழைய வாசலும், திரும்பிப் பார்க்காத அந்த முதுகும் கண் முன்னால் வந்து நின்றன. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

“போறவங்க போகத்தானே வேணும்... உங்க பேய்தான் இங்க இருக்கே. அது போதும் எனக்கு.”

அவன் முகம் அணைந்துபோனது. “உள்ள ஒண்ணுமில்லாத ஆளே போதும்னா சரிதான்” என்றான். உப்புத்தாளை மேஜையில் வைத்தான். நாற்காலியைச் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, குடையைக்கூட மறந்து, மழையில் இறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. ஆறு மணிக்கு லோர்னா இரண்டு கோப்பைகளில் ஆப்பிள் சாறு ஊற்றினாள். இரண்டும் ஆறிப்போயின.

சனிக்கிழமை, ஹாலோவீன். ஏழு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. கடற்கொள்ளையர், எலும்புக்கூடு, பாதி தின்ற மனிதன் என்று ஆளுக்கொரு வேஷம். லோர்னா முகத்தில் பச்சைச் சாயம் பூசி, கூம்புத் தொப்பியோடு சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள். கண் மட்டும் ஜன்னல் வழியே எதிர்வீட்டுக்குப் போய்ப் போய் வந்தது. அங்கே ஏற்றி முடித்த லாரி மழையில் நனைந்துகொண்டு நின்றது. இங்கே முன்வாசலில் நாற்காலி கேட்பாரற்றுக் கிடந்தது.

நாற்காலிக்கு எதிரே அந்த இரண்டு பேய்கள். உள்ளே சின்ன விளக்குச் சரம் போட்டிருந்ததால், மழைச் சாரலில் பனியில் செய்த மனிதர்களாய் ஒளிர்ந்தன. எல்லோரும் வெளியே வந்து வியந்தார்கள். கடற்கொள்ளைக்காரி வேஷத்தில் ஒரு கண்ணைத் துணியால் மூடியிருந்த பெக்கி, மறு கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டி, இந்தப் பொண்ணு யாரு? அவன் எவ்வளவு நேரமா கை நீட்டிட்டு நிக்கிறான்... இவ பாட்டுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாளே, கல்நெஞ்சக்காரி.”

எல்லோரும் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. அவள் இதுவரை அந்த இரண்டையும் சேர்த்து நிற்கவைத்துத் தள்ளி நின்று பார்த்ததேயில்லை. இப்போது பார்த்தாள். அவன் கையை யாருக்காக நீட்டினான் என்று புரிந்தது. அந்தக் கை அன்றிலிருந்து அப்படியேதான் இருந்தது.

உள்ளே ஓடினாள். கத்தரிக்கோலும் டேப்புமாய்த் திரும்பி வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பேயின் தோளருகே நறுக்கென்று வெட்டினாள். கட்டியிருந்த கைகளில் ஒன்றைப் பிரித்து, நிமிர்த்தி, அவனுடைய விரல்களுக்குள் வைத்து டேப்பைச் சுற்றினாள். அது முடிந்ததும் படியிறங்கித் தெருவைக் கடந்தாள். மழையில் பச்சைச் சாயம் கழுத்து வழியே ஓடியது.

எதிர்வீட்டில் விளக்கில்லை. கதவைத் தட்டினாள். இன்னும் தட்டினாள். லாரியின் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள், காலி. எங்கே போயிருப்பான்? கடைசியாய் ஒருமுறை சாப்பிட யாராவது நண்பன் கூப்பிட்டிருப்பான். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டோமே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் திரும்பி வந்தாள்.

வாசலில் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பேய் உட்கார்ந்திருந்தது. தலைமேல் போர்த்திய படுக்கை விரிப்பு, அதுவும் நீலப் பூப்போட்டது. கண்ணுக்கு வெட்டிய ஓட்டைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. வந்த விருந்தாளிகளில் எந்தக் கோமாளியோ.

“அதுல உட்காராதீங்க” என்றாள் லோர்னா, மூக்கை உறிஞ்சியபடி. “அதுக்குச் சொந்தக்காரர் இருக்காரு.”

பேய் நிமிர்ந்தது. கோணலான இரண்டு ஓட்டைகள் வழியே மழைக்கு முந்தைய வானம் அவளைப் பார்த்தது.

ஜன்னலில் பெக்கியும் எலும்புக்கூடும் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும்.

“மூணு வருஷம் முன்னாடி ஒருத்தன்கிட்ட இதைச் சொன்னேன். அவன் போயிட்டான். இனிமே யார்கிட்டயும் சொல்றதில்லன்னு இருந்தேன்...” குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். “போகாத, வெண்டல். எனக்கு அந்தப் பேய் போதாது. நீதான் வேணும். உன்னை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நீ போறதா இருந்தாலும் இதைக் கேட்டுட்டுப் போ.”

விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, வலது கை. அன்று போலவே நீண்டது.

“புதன்கிழமையிலேர்ந்து நீட்டிட்டு நிக்கிறேன்” என்றான். “கை வலிக்குது.”

லோர்னா பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இந்தப் பூப்போட்ட விரிப்பு என்ன வேஷம் என்று கேட்டாள்.

“வெள்ளை விரிப்பெல்லாம் லாரிச் சாமானுக்கு அடியில போயிடுச்சு. கடையில வாங்கினா நீ உள்ள விட மாட்டியே.” நாற்காலியைத் தலையால் காட்டினான். “நாற்காலிய எடுக்கத்தான் பின்வாசல் வழியா சுத்தி வந்தேன். வந்து பார்த்தா, உன் பேய் என் கையைப் புடிச்சுட்டிருக்கு. அதான் உட்கார்ந்துட்டேன்.”

“லாரி?”

“வீட்டுச் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. தம்பிக்கு போன் பண்ணிச் சொல்லிக்கலாம்... இங்க என்னைப் புடிச்சு நிறுத்த ஆள் வந்தாச்சுன்னு.”

அதற்கு மேல் பெக்கியால் உள்ளே இருக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தாள், பின்னாலேயே மொத்தக் கூட்டமும். சற்று நேரத்தில் அந்தத் தெருவில் வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் கேட்டுப் போன பிள்ளைகளெல்லாம் நின்று வாயைப் பிளந்தார்கள். கொட்டும் மழையில் இரண்டு எலும்புக்கூடுகள் மெத்தையைத் தூக்கிப்போக, கொள்ளைக்காரி ஒருத்தி விளக்கைச் சுமந்தபடி வழி காட்ட, பாதி தின்ற மனிதன் அலமாரியை முதுகில் ஏற்றிக்கொண்டு போனான். லாரி காலியாகிக்கொண்டிருந்தது.

எல்லாம் இறங்கியது. நாற்காலியை மட்டும் யாரும் தூக்கவில்லை. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று பெக்கி கேட்டாள்.

“வேண்டாம்” என்றான் வெண்டல், லோர்னாவின் கையை விடாமலே. “தெருவோரத்துல கெடந்ததை அவ எடுத்துட்டு வந்தா. இந்த ஊர் வழக்கப்படி அது அவளோடது. நானும்தான்.”