பாலங்களுக்கு அடியில் ஒரு குரல்

பெங்களூரில் ஒக்கலிபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய மோரி ஒன்று ஓடியது. ஊர்ச் சாக்கடையும் மழைத்தண்ணீரும் அதில்தான் போகும். அதற்கு மேலே ரயில் பாலம், பழைய கல் பாலம், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மூன்று பாலங்கள் என்று ஒன்றின் தலைமேல் ஒன்றாகப் பாலங்கள். அடியில் பகலிலும் இருட்டுத்தான். ஐந்தாம் வகுப்பு சுனிதா பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

அந்த வருடம் பெங்களூர் முழுக்க ஒரு பேய்க்கதை உலவியது. தெரிந்தவர் குரலில் பேய் கூப்பிடுமாம். பதில் சொன்னால் தொலைந்தோமாம். அதனால் வீட்டுக்கு வீடு கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’ என்று எழுதிவைத்தார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். படித்துவிட்டுப் பேய் திரும்பிப் போய்விடுமாம். பாலத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்த சிரில், கடைப் பலகையில் சிலுவை போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குக் கீழே ‘நாளே பா’வும் எழுதியிருந்தார்.

ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்து மேலே ஜல்லி கலக்கும் மிஷின் ஓசை சட்டென்று நின்றது. சுனிதாவும் பக்கத்து வீட்டுக் கிரணும் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா...”

மெல்லிய குரல். முதலில் எதிரே கேட்டது. பிறகு தலைக்கு மேலே. பிறகு முதுகுக்குப் பின்னால். ஆள் யாரும் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிரண் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

சுனிதாவுக்குத் தம்பி தங்கை கிடையாது. தன்னை யார் அக்கா என்று கூப்பிடுவது? அவள் சிரிலின் கடைக்கு ஓடினாள்.

அவருக்கும் அது ரொம்ப நேரமாகக் கேட்கிறதாம். பதில் சொல்லாமல், காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். சொல்லிக்கொண்டே பலகையிலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

மறுபடியும் அந்தக் குரல் வந்தது. இந்த முறை கூப்பிட்டு முடிப்பதற்குள் இருமியது. நெஞ்சில் சளி கட்டிய இருமல்.

சுனிதா அப்படியே நின்றாள். “சிரில் அண்ணா, பேய்க்கு இருமல் வருமா?”

சிரில் யோசித்தார். “வராதும்மா,” என்றார் மெதுவாக. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கயிறும் காற்றடித்த லாரி டியூபும் எடுத்துக்கொண்டார்.

குரல் வந்த பக்கம் போனார்கள். அங்கே வெறும் சுவர். குரல் இப்போது வேறு பாலத்தடியில் அழுதது. அங்கே போனால் இன்னொரு பக்கம். மழைத்துளி விழ ஆரம்பித்தது. மழை வலுத்தால் மோரி எவ்வளவு வேகமாக ஏறும் என்று இருவருக்கும் தெரியும்.

காதை நம்பிப் பயனில்லை. சுனிதா சிரிலின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “பாப்பா, உனக்கு மேல என்ன தெரியுது?” அதையே கன்னடத்திலும் கேட்டாள்.

அவளுடைய குரலே நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. பிறகு அமைதி. அப்புறம், சின்னதாக, “ரைலு... பைப்பு...”

ரயில் பாலம். அந்தப் பக்கமிருந்து ஒருமுறைகூடக் குரல் வந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அங்கேதான் இருந்தாள், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. முழங்கால்வரை சேற்றில் புதைந்து, பெரிய குழாய் ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தாள். செருப்பு விழுந்துவிட்டதாம், எடுக்க இறங்கினாளாம். பெயர் மல்லவ்வா. அப்பாவும் அம்மாவும் மேலே பாலம் கட்டும் வேலையில் இருந்தார்கள். மிஷின் ஓடியவரை அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை; அது நின்ற பிறகும் குரல் பாலங்களுக்கு அடியிலேயே எதிரொலித்துச் சுற்றியதே தவிர மேலே எட்டவில்லை.

சிரில் கயிற்றைத் தூணில் கட்டி, டியூபோடு இறங்கினார். மல்லவ்வா பிடியை விட்டுவிடாமல் இருக்க, சுனிதா விடாமல் பேச்சுக் கொடுத்தாள். ஆட்டுக்குட்டி பிடிக்குமா, பொரி பிடிக்குமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டாள்.

சிரில் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் மோரியில் வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. குழாய் முழுகி மறைந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சேதி கேட்டு மல்லவ்வாவின் அம்மா சிமெண்டு காய்ந்த கைகளோடு ஓடிவந்தாள். மகளை அணைத்துக்கொண்டவள், பிறகு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சுனிதாவின் சேற்றுக் காலையும் கழுவிவிட்டாள்.

வீட்டு வாசலில் கால் வைத்ததுமே தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மா, ஏன் இவ்வளவு நேரம் என்று திட்ட ஆரம்பித்தாள். சுனிதா நடந்ததைச் சொன்னாள். பாதிக் கதையில் திட்டு நின்றுபோனது. முழுக் கதையும் முடிந்தபோது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லில் இன்னொரு தோசை ஊற்றினாள்.